நான் 'வெரி குட்' போட்ட வாக்கியம்

அடுத்த வீட்டுக்காரியின் சங்கிலியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவள் புருஷனுக்குக் கிடைத்த பதவி உயர்வைக் கேட்டுச் சோறு இறங்காமல் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஓர் ஆங்கில இலக்கண விதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அந்த விதி என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை, வெள்ளைக்காரனுடையது. இருந்தாலும் அது போயும் போயும் அவளிடம் ஒட்டிக்கொண்டதே என்று வயிறு எரிந்து, அந்த எரிச்சலில் ஒரு நல்ல வேலையைத் தொலைத்து, ஒரு பெரிய மனிதரின் நில விவகாரத்தையும் சந்திக்கு இழுத்து விட்டேன். (இழுத்தது நல்லதுதான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நல்லது செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எழுபதுகளின் தொடக்கம். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர், அங்கே அரசு உதவி பெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் தாளாளர் அந்த வட்டாரத்துப் பெரிய மிராசுதார். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. ஆங்கிலம் சொல்லித்தர இரண்டு தற்காலிக ஆசிரியைகள் இருந்தோம். நான் கமலா, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு குத்தகை விவசாயியின் மகள். இன்னொருத்தி மலர்விழி, தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பெண். நிரந்தர இடம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டு ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரி எங்கள் இருவருடைய பாடத்தையும் பார்த்துவிட்டு எழுதும் குறிப்பை வைத்து ஐயா முடிவு செய்வார். மற்றவள் ஏப்ரலோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் அப்பா ஊர் முழுக்க "எம்மவ டீச்சரு" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஊரில் பெட்டியோடு போய் இறங்குவதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்போல் இருக்கும்.

மலர்விழி எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. அதுதான் என் முதல் கஷ்டம். அவளுடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். காலை வழிபாட்டில் அவள் பாட ஆரம்பித்தால் குறும்பு செய்கிற பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் ஆங்கிலம் அவள் வாயில் தடுக்காமல் வரும். எனக்கு ஆங்கிலம் மனப்பாடமாக வரும், அதுவும் ஆரம்பித்த இடத்திலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். மதியச் சாப்பாட்டில் அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைத் தலைமையாசிரியை அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். என் வாழைக்காய்ப் பொரியலை அவர் ஒரு தடவை கேட்டதுண்டு, ஏதாவது மீந்தால் ஆயாவுக்குக் கொடுக்கலாமே என்று.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். விதி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. தமிழில் 'நேற்றைய மழை' என்கிறோம், 'போன வருஷ அறுவடை' என்கிறோம். காலம் முன்னால் வரும், பொருள் பின்னால் வரும். ஆங்கிலத்தில் 'தி ரெய்ன் யெஸ்டர்டே' என்று சொல்லலாம், 'தி ஹார்வெஸ்ட் லாஸ்ட் இயர்' என்று சொல்லலாம். பொருள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், காலம் அதற்குப் பின்னால் வந்து நிற்கும். என் பிள்ளைகள் தமிழ் வரிசையிலேயே 'தி யெஸ்டர்டே ரெய்ன்', 'தி டுமாரோ பஸ்' என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்புப் பென்சிலால் அடிப்பேன், சரியானதை மேலே எழுதுவேன், பத்துத் தடவை எழுதிவரச் சொல்வேன். மறுநாள் 'தி டுமாரோ ஹாலிடே' என்று வரும்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு, மலர்விழி வகுப்பில் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். பின் பெஞ்சில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்தேன். மலர்விழி ஒரு சாக்பீஸ்கூட எடுக்கவில்லை.

"எங்க ஊர்ல கூடை எறங்குனா என்ன மீனுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. எப்பப் புடிச்சதுன்னு அப்புறந்தான் கேப்பாங்க. இங்கிலீஷும் அப்படித்தான். பொருள மொதல்ல சொல்லு, நாள அப்புறம் சொல்லு" என்றாள்.

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் 'தி பஸ் டுமாரோ', 'தி ஃபெஸ்டிவல் லாஸ்ட் வீக்', 'தி டே பிஃபோர்' என்று கொட்ட ஆரம்பித்தார்கள். கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, 'தி லெட்டர் லாஸ்ட் வீக் வாஸ் ஃப்ரம் பினாங்' என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைப்பது மாதிரி இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் மீன் வாங்குகிறவர்கள் எப்போது பிடித்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள் (கடலிலிருந்து அவ்வளவு தூரம்), அதனால் இந்த உதாரணம் செல்லாது என்று எழுந்து சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். 'லாஸ்ட் நைட்ஸ் ரெய்ன்' என்று காலத்தை முன்னால் வைத்துச் சொல்வதும் சரிதான் என்று மறுநாள் ஆசிரியர் அறையில் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. தலைமையாசிரியை அம்மா சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று காபியைப் பற்றிச் சொன்னார்.

ஒரு மாதத்தில் அது 'மலர்விழி டீச்சர் பாடம்' ஆகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளே தப்பு செய்தால் ஒருத்திக்கு ஒருத்தி "மீனுடி, மீனு" என்று திருத்திக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்திக்கொண்டதுதான் இன்னும் எரிந்தது.

மாசி மாதம் ஆய்வு வந்தது. முதல் பீரியட் எனக்கு, இரண்டாவது மலர்விழிக்கு. இருவருக்கும் அதே ஒன்பதாம் வகுப்பு. ஆய்வுக்கு நான்கு நாள் முன்பு சாப்பிடும்போது, அந்தப் பாடத்தையே அதிகாரிக்கும் எடுக்கப் போவதாகச் சொன்னாள். நீங்கள் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். கவிதை என்றேன். பொய். அந்த நிமிஷம் வரையில் நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை, பொய் சொன்ன பிறகுதான் தீர்மானித்தேன். அவளுடைய பாடத்தை அவளுக்கு முன்னாலேயே, முதல் பீரியடில் நான் எடுத்துவிடுவது. அவள் உள்ளே வரும்போது கரும்பலகை முழுக்க அவளுடைய விதி என் கையெழுத்தில் இருக்கும். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. வெட்கத்தோடு இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

வெறுமே எடுத்தால் போதாது, அவளைவிட நன்றாக எடுக்க வேண்டும். அவளுடைய வாக்கியங்களில் மழையும் பஸ்ஸும் கடுதாசியும்தானே வருகின்றன, என் வாக்கியங்களில் வாழ்க்கை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் விசாரிக்கச் சொன்னேன். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டு, ஆளுக்கு ஓர் உண்மையான வாக்கியம் எழுதிவர வேண்டும். கற்பனை கூடவே கூடாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன்.

அது எந்தச் சமயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்கிற வரம்பைச் சென்னையில் சட்டம் போட்டுப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க வரப்புக்கு வரப்பு சண்டை. ஒரு பக்கம் கூலி கேட்டுச் செங்கொடி, இன்னொரு பக்கம் போலீஸ் முகாம். பெரிய மிராசுகள் வரம்புக்கு மேல் இருந்ததையெல்லாம் மாமியார் பேரில், மச்சினி பேரில், வண்டிக்காரன் பேரில் என்று ராவோடு ராவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கும் தெரியும். என் அப்பாவே ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர், எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த வாரம் என் தலைக்குள் மலர்விழியைத் தவிர வேறெதற்கும் இடம் இல்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் நோட்டுகளை அடுக்கி வைத்துத் திருத்தினேன். திருத்தினேன் என்றால், காலம் பொருளுக்குப் பின்னால் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நின்றால் ஒரு டிக். வாக்கியம் என்ன சொல்கிறது என்பதை நான் படிக்கவே இல்லை. வனஜா என்கிற பெண்ணின் நோட்டில் இரண்டு வாக்கியம் இருந்தது. இரண்டிலும் காலம் கச்சிதமாகப் பின்னால் நின்றது. பூரித்துப்போய் அதற்கு மட்டும் 'வெரி குட்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். நாளைக்கு நீதான் கடைசியாக எழுந்து சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தேன். வனஜாவின் அப்பா ஐயா வீட்டுச் சமையல்காரர்.

மறுநாள் காலை ஒரு ஜீப் வந்தது. கல்வி அதிகாரிக்கு ஜீப் கிடையாது. பயணியர் விடுதியில் அவரோடு தங்கியிருந்த நிலச் சீர்திருத்தத் தாசில்தார் தன் ஜீப்பில் அவரை இறக்கிவிட வந்திருந்தார். இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டியவர். தலைமையாசிரியை அம்மா காபி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ஐயாவும் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்து சேர்ந்தார். காபி வருகிற வரையில் தாசில்தார் எங்கே உட்காருவார்? என் வகுப்பில் மூன்று நாற்காலி போட்டார்கள். நடுவில் கல்வி அதிகாரி, ஒரு பக்கம் ஐயா, இன்னொரு பக்கம் தாசில்தார்.

மூன்று பெரிய மனிதர்கள் என் பாடத்துக்கு. மலர்விழிக்கு ஒருவர்தானே கிடைப்பார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மீனை நெல்லாக மாற்றியிருந்தேன். களத்தில் மூட்டையைப் பார்த்தால் என்ன நெல் என்று முதலில் கேட்கிறோம், எந்தப் போகம் என்று அப்புறம் கேட்கிறோம் என்று ஆரம்பித்தேன். கல்வி அதிகாரி தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருத்தியாக எழுப்பினேன். முதலில் விவசாயக் கூலி வீட்டுப் பெண் ஒருத்தி, 'தி ஸ்ட்ரைக் லாஸ்ட் மந்த் வாஸ் எய்ட் டேஸ்' என்றாள். ஐயா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். அடுத்தவள் பண்ணை வீட்டுப் பெண். போலீஸ் முகாம் அவர்கள் தோப்பில்தான் இருந்தது. 'தி போலீஸ்மென் லாஸ்ட் மந்த் ஏட் ஆல் அவர் ஹென்ஸ்' என்றாள். கல்வி அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பில் மிதந்தேன். இந்த வருஷத்து நிரந்தர இடம் எனக்குத்தான் என்று அந்த நிமிஷம் சத்தியம் செய்திருப்பேன்.

வனஜாவைக் கையைக் காட்டி எழுப்பினேன். அவள் சொன்னபடியே சத்தமாகச் சொன்னாள்.

"தி லேண்ட் லாஸ்ட் இயர் வாஸ் ஐயாஸ். தி லேண்ட் திஸ் இயர் இஸ் மை ஃபாதர்ஸ்."

சரியான வாக்கியம். இரண்டிலும் காலம் பின்னால் நிற்கிறது. நான் கல்வி அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்த்தார். ஐயா தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் அந்த நேரம் பார்த்து வந்த காபியை வாங்கி, ஆற்றாமல், ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

ஐயா லேசாகச் சிரித்தார். பெரிய மனிதர், எனக்கும் சேர்த்து ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

"புள்ளைங்க பாடத்துக்காக ஏதோ கற்பனையா சொல்லுதுங்க. இல்லீங்களா டீச்சர்?" என்றார்.

'ஆமாங்கய்யா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வனஜா உட்கார்ந்திருப்பாள், தாசில்தார் காபியைக் குடித்திருப்பார், எனக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் 'கற்பனை' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கற்பனை வாக்கியம் சொல்லித் தருவது மலர்விழி. உண்மையைக் கேட்டு எழுதிவரச் சொன்னது நான். நான்கு நாள் யோசித்துச் செய்த புதுமையை இவர் ஒரே வார்த்தையில் அவளுடைய பாடமாக ஆக்கப் பார்க்கிறாரே என்று பட்டது.

"இல்லைங்கய்யா. எல்லாம் உண்மை வாக்கியம். வீட்ல விசாரிச்சு எழுதிட்டு வரச் சொன்னேன். நான் ஒவ்வொண்ணா பாத்துத் திருத்துனதுங்க" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? வனஜாவின் நோட்டை வாங்கி, 'வெரி குட்' தெரியும்படி பிரித்துத் தாசில்தார் கையிலேயே கொடுத்தேன். (தலைமையாசிரியை அம்மா வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது எனக்குப் பாராட்டு மாதிரி தெரிந்தது.)

தாசில்தார் நோட்டைப் படித்தார். பிறகு வனஜாவிடம் ரொம்ப அன்பாக, அது எந்த வயல் என்று தமிழில் கேட்டார். வாய்க்காலுக்கு மேற்கே, பம்ப்செட் இருக்கிற வயல் என்று அவள் சொன்னாள். போன மாதம் அப்பா பேரில் நிலவரி கட்டிய ஒரு கிஸ்து ரசீது வந்ததாகவும், அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும், தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பதாகவும் சொன்னாள். அதைக் கேட்டதும் ஐயாவின் கார் டிரைவர் மகள் கையைத் தூக்கினாள். அவளும் அதே மாதிரிதான் எழுதி வந்திருந்தாளாம், டீச்சர் டிக் மட்டும் போட்டார்களாம், வெரி குட் போடவில்லையாம். (பொறாமை என் வகுப்பில் பரவியிருந்தது.) நான்காவது பெஞ்சிலிருந்து இன்னொரு கையும் எழும்பியது. தாசில்தார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பாடத்தில் குறிப்பெடுத்த இரண்டாவது அதிகாரி அவர்.

மணி அடித்தது. மலர்விழி வாசலில் நின்றாள். தாசில்தாரும் ஐயாவும் வராண்டாவில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே வந்து கரும்பலகையைப் பார்த்தாள், அவளுடைய விதி முழுசும் அதில் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். துணியை எடுத்து நிதானமாக அழித்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து வேறொரு வாசிப்புப் பாடத்தை அந்த நிமிஷமே ஆரம்பித்தாள். அதையும் நன்றாகத்தான் எடுத்தாள்.

சாயங்காலம் சைக்கிள் ஷெட் பக்கம் அவளே வந்து பேசினாள். திட்டுவாள் என்று நினைத்து நானும் இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"கேட்டிருந்தா என் நோட்டையே குடுத்திருப்பேன் டீச்சர். பரவால்ல, விடுங்க" என்றாள்.

தயாராக வைத்திருந்த இரண்டு பதிலும் எதற்கும் உதவவில்லை. அவள் இவ்வளவு நல்லவளாக வேறு இருக்க வேண்டுமா என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு அறைக்குப் போனேன்.

வனஜாவின் அப்பாவை வேலையை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது வேறு. நிலம் அவர் பேரில் இருந்தது, விசாரணையில் அவர் என்ன சொல்வாரோ என்று ஐயாவுக்குப் பயம். அதுவரை அடுப்படியில் நின்றுகொண்டு பேசிய மனிதருக்கு அந்த வாரத்திலிருந்து கூடத்தில் நாற்காலி போட்டார்களாம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வயலைப் பார்க்க வாய்க்கால் பக்கம் போனதாகவும், பம்ப்செட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்ததாகவும் வனஜா வந்து சொன்னாள். எனக்குக் கிடைத்தது மட்டும் எதிர்பார்த்ததுதான். கல்வி அதிகாரி என் பாடத்தை ரொம்பப் புகழ்ந்து எழுதியிருந்தார். ஐயா அதைப் படித்துவிட்டு மலர்விழிக்கு நிரந்தர உத்தரவு கொடுத்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பேன். மன்னார்குடி தாலுகா ஆபீஸிலிருந்து எனக்கு விசாரணைக்கு ஓலை வந்துவிட்டது. துணைக்கு அப்பா வந்தார். அப்பா அதுவரை தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, அன்றைக்கும் உட்காரவில்லை, என் பின்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மலர்விழியும் வந்திருந்தாள். அவளை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பாடம் எடுத்தது நான், சாட்சி நான், இதிலும் இவள் பங்குக்கு வருகிறாளா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தாசில்தார் ஒரு பட்டியலைப் படித்தார். சமையல்காரர், டிரைவர், வண்டிக்காரர், ஐயாவின் சின்னம்மா. அப்புறம் என் பெயர். அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. என் பேரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. வேலையில் சேர்ந்த அன்றைக்குப் பள்ளிக்கூட எழுத்தர் நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினாரே, எதற்கென்று கேட்டீர்களா என்றார். நான் கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஐந்தாவது இடத்திலும் போட்டிருப்பேன். ஆக, ஒரு வருஷமாக நான் நிலச்சுவான்தார். எனக்குத்தான் தெரியாது.

பயம் ஒரு பக்கம். ஆனால் இரண்டு ஏக்கர் நஞ்சை என்ற வார்த்தையில் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தது. அதை நான் அனுபவிக்க ஆரம்பிப்பதற்குள் தாசில்தார் அடுத்த பெயரைப் படித்தார். செல்வி மலர்விழி, தரங்கம்பாடி, ஐந்து ஏக்கர்.

இதற்குப் பிறகு என்ன பேச வேண்டும்? அந்தக் கையெழுத்தெல்லாம் தெரியாமல் போட்டது, எனக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தமில்லை, அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் அஞ்சு?"

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு, இதையும் வாக்குமூலத்தில் எழுதலாமா என்று தாசில்தாரைக் கேட்டார். மலர்விழி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

எனக்கு அந்த நிலம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். மலர்விழியும் கொடுத்தாள். அந்த நிலமெல்லாம் விசாரணை முடிந்து, நிலமில்லாத கூலிக்காரர்களுக்குப் பட்டாவாகப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எட்டு நாள் வேலைநிறுத்தம் என்று சொன்ன அந்தப் பெண் வீட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்ததாம்.

திரும்பும்போது அப்பா பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். குமாஸ்தாவிடம் சர்வே எண்ணைக் கேட்டு வைத்திருந்திருக்கிறார். வரப்பில் நடந்துபோய், அறுத்த தாள் மட்டும் நிற்கிற ஒரு வயலைக் காட்டினார். இதுதான் உன்னுடையது என்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க இன்னொருவர் வயலை உழுத மனிதர் அவர். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தபோது அவரே பேசினார்.

"ஒன்னுது தலமட. வாய்க்காத் தண்ணி மொதல்ல இங்கதான் ஏறும். அந்த டீச்சரு நெலம் கடமட, ஆடிக்குத் தண்ணி விட்டா ஆவணி வரைக்கும் காத்துக் கெடக்கணும். அஞ்சுன்னா என்னா, அஞ்சு" என்றார்.

அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று நான் விசாரிக்கவில்லை. மனசு கொஞ்சம் ஆறியது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஏப்ரலில் பெட்டியோடு ஊரில் இறங்கினேன். மறு வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை கிடைத்தது, அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன். ஆனால் பெட்டியோடு இறங்கிய அன்றைக்கே அப்பா ஊரில் கதையைப் பரப்பிவிட்டார். அவமானமாக இருக்கும் என்று நான் பயந்ததை அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து, டீக்கடையில் உட்கார்ந்து, என் கல்யாணப் பந்தியில் சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். "எங்க வம்சத்துலயே நெலம் வச்சிருந்த மொத ஆளு எம்மவதான். அதுவும் பத்தலைன்னுட்டா" என்று முடிப்பார். என் வீட்டுக்காரர் அந்தப் பந்தியில் கேட்டதை இன்றுவரை விடவில்லை. தலை தீபாவளியில் யாருக்கு எத்தனை அதிரசம் என்று ஆரம்பித்தது. இப்போது என் பேரப்பிள்ளைகள்கூட அப்பளத்தை எண்ணி, "அவங்களுக்கு மட்டும் ஏன் அஞ்சு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

மலர்விழி அந்தப் பள்ளியிலேயே தலைமையாசிரியை ஆகி ஓய்வு பெற்றாள். பணி நிறைவு விழாவுக்கு என்னைக் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். மகனோடு போனேன். முதல் வரிசையில் உட்கார வைத்தாள். மேடையில் ஆள் மாற்றி ஆள் ஏறி அவளுக்கு மாலை போட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருந்த மகன் என் உதட்டைப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்து, "அம்மா, எண்ணாத" என்றான். பதினாலு.